அப்பா கட்டிய மைதானம்

என் அப்பாவுக்குக் கடல்மேல் பயம் வந்தது நாற்பது வயதுக்கு மேல்தான். அதுவரை மீன் பிடிப்பதைத் தவிர அவர் வேறு வேலை செய்ததே இல்லை. புதுச்சேரியை ஒட்டிய பிள்ளைச்சாவடியில் எங்கள் தெருவில் எல்லோரும் அப்படித்தான். பள்ளிக்கூடம் நின்றதும் படகு, படகு நின்றதும் சாவு என்றுதான் ஆண்களின் ஆயுள் போகும்.

சுனாமி வந்த அன்று அப்பா ஆழத்தில் இருந்தார். வழக்கமாகக் கூடப் போகிற சித்தப்பாவை, வலை நிறைய கிழிந்திருக்கிறது, நீ இருந்து தைத்து வை என்று கரையில் விட்டுவிட்டு வேறு ஆட்களோடு போயிருந்தார். நடுக்கடலில் அவர்களுக்கு எதுவுமே தெரியவில்லை. படகு ஒருமுறை மெல்ல ஏறி இறங்கியதாம், அவ்வளவுதான். மீனோடு திரும்பி வரும்போது கரை இருந்த இடத்தில் கரை இல்லை. கூரைகளும் அண்டா குண்டாக்களும் தண்ணீரில் மிதந்தன. அம்மாவும் நானும் அன்று மாமா வீட்டுக்குப் போயிருந்ததால் தப்பித்தோம். சித்தப்பாவை மறுநாள் சவுக்குத் தோப்பில் கண்டெடுத்தார்கள்.

அதன் பிறகு அப்பா படகில் ஏறவில்லை. காலையில் கரைக்குப் போவார், மற்றவர்கள் படகைத் தள்ளும்போது தோள் கொடுப்பார், படகு மிதந்ததும் பின்வாங்கி வந்துவிடுவார். கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் மருத்துவரிடம் காட்டினோம். தூங்குவதற்கு மாத்திரை கொடுத்தார்கள், தூங்கினார். ஒருநாள் அம்மா பொறுக்க முடியாமல், நடுக்கடலில் உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே, பிறகு எதற்குப் பயம் என்று கேட்டபோதுதான் அவர் வாய் திறந்தார்.

"கடலு என்னை ஒண்ணும் பண்ணல. திரும்பி வர்றப்ப கரையப் பாக்கணுமே, அதுக்குத்தான் பயம்."

அம்மா அதற்குப் பிறகு அவரைக் கடலுக்குப் போகச் சொல்லவே இல்லை. மீன் கூடையோடு அவளே ஊர் ஊராக அலைந்தாள்.

நிவாரணமாக எங்களுக்கு ஒரு ஃபைபர் படகு கிடைத்திருந்தது. அப்பாவுக்கும் சித்தப்பாவின் மனைவிக்கும் சேர்த்துக் கொடுத்த படகு. சின்னம்மாவுக்கு இரண்டும் பெண் குழந்தைகள், சின்னஞ்சிறுசுகள். அப்பா கடலுக்குப் போய்க் கொண்டுவருகிற மீனில் பாதி அவளுக்கு என்பதுதான் பேச்சு. ஆனால் படகு மணலிலேயே கிடந்தது. அதன் நிழலில் நாய்கள் படுத்திருந்தன.

அந்த நேரத்தில்தான் டவுனிலிருந்து ஓர் ஏஜென்ட் வந்தார். ஓர் அரபு நாட்டில் ஆசியா முழுக்க இருந்து விளையாட்டுக்காரர்கள் வந்து கூடப் போகிறார்களாம். அதற்காக ஸ்டேடியம், ஓட்டல், பாலம் என்று அந்த ஊரையே புதிதாகக் கட்டுகிறார்களாம். எங்கள் ஊரில் அரபு நாடு எல்லாமே துபாய்தான் என்பதால் நாங்கள் அதையும் துபாய் என்றே சொன்னோம். சாரம் கட்டுவதற்கு ஆள் வேண்டும், உயரத்துக்குப் பயப்படாத, கயிறு பிடித்துப் பழகிய கை வேண்டும், அதற்கு மீனவர்களை விட்டால் யார் என்று டீக்கடையில் உட்கார்ந்து பேசினார். ஒருவர், விளையாட்டு முடிந்தால் வேலையும் முடிந்துவிடுமே என்று கேட்டதற்குச் சிரித்துக்கொண்டே, ஒருமுறை உலகம் பார்த்துவிட்டால் அந்த ஊர் நிற்காது, கட்டிக்கொண்டேதான் இருப்பார்கள் என்றார். அந்தச் சிரிப்பை எல்லோரும் நம்பினோம். நம்பாமல் இருக்க எங்களிடம் வேறென்ன இருந்தது?

ஏஜென்டுக்குக் கொடுக்கப் படகை விற்பதைத் தவிர வழியில்லை. அப்பா சின்னம்மாவிடம் கேட்கப் போனபோது நானும் போனேன். அவர் வாசலிலேயே நின்றார். சொல்ல வந்ததைச் சொல்லாமல் கூரையில் ஓலை மாற்ற வேண்டும் என்றெல்லாம் பேசினார். கடைசியில் அவளே புரிந்துகொண்டு சொன்னாள்.

"படகு வெய்யில்ல கெடந்து வெடிச்சுப் போவுது. வித்துடுங்க மாமா. என் பங்கு உங்ககிட்டயே இருக்கட்டும். அங்க போயி அனுப்புங்க."

பக்கத்துக் குப்பத்து ஆள் ஒருவர் படகை வாங்கினார். எங்கள் தெருவிலிருந்தே நிறையப் பேர் கிளம்பினார்கள். அப்பா கிளம்பும்போது அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனது ஒன்றுதான். கடல் சத்தம் கேட்காத இடமாகப் பார்த்து வாடகைக்குப் போ, திரும்பி வந்தால் நான் அங்கேதான் வருவேன்.

அப்படித்தான் நாங்கள் உழவர்கரைக்கு வந்தோம். டவுனில் துணிக்கடை வைத்திருந்த ஒரு பாய் வீட்டு மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஓர் அறை. நான் அப்போதுதான் டவுனில் கல்லூரியில் சேர்ந்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள். அம்மா காலனிகளில் மீன் விற்றாள். வெள்ளிக்கிழமை அப்பாவுக்கு விடுமுறை என்பதால் அன்று மதியம் பாய் வீட்டுத் தொலைபேசிக்குக் கூப்பிடுவார். பாய் தொழுகைக்குப் போயிருக்கும் நேரம். அவர் மனைவி மாடிப்படியின் கீழே நின்று குரல் கொடுத்ததும் அம்மா ஈரக் கையோடு ஓடுவாள்.

சின்னம்மாவுக்கும் எங்களுக்கும் மாதாமாதம் ஏதோ வந்தது. தெருவில் போனவர்களின் வீடுகளில் எல்லாம் கல்லும் மணலும் வந்து இறங்கின. குடிசைகளைப் பிரித்துத் தூண் எழுப்பினார்கள். கொத்தனார் கிடைக்காமல் விழுப்புரத்திலிருந்து ஆள் வந்தது. டீக்கடைக்காரர் ஃபிரிட்ஜ் வாங்கி வைத்தார். யாரோ எங்கோ ஓடி விளையாடுவதற்காக எங்கள் தெருவில் சிமென்ட் மூட்டை வந்து இறங்குகிறது என்பது எனக்கு அதிசயமாக இருந்தது. கல்லூரியில் பொருளாதாரப் பாடம் நடத்திய ஆசிரியை, இப்படிப்பட்ட விளையாட்டை நடத்துகிற நாட்டுக்கு என்னென்ன நன்மை என்று கரும்பலகையில் எழுதிப் போட்டபோது, என் அப்பா அங்கேதான் இருக்கிறார் என்று எழுந்து சொன்னேன். வகுப்பே திரும்பிப் பார்த்தது.

அப்பா தொலைபேசியில் வெயிலைப் பற்றிச் சொல்ல மாட்டார். மைதானத்தைப் பற்றித்தான் சொல்வார். மேலே ஏறி நின்றால் ஆட்கள் எறும்பு மாதிரி தெரிவார்களாம். பாலைவனத்தில் புல்லைப் பாய் மாதிரி சுருட்டிக் கொண்டுவந்து விரிக்கிறார்களாம். அந்தப் புல்லுக்கு ஊற்றுகிற தண்ணீரைப் பார்த்தால் நம் தெருக்குழாய் ஞாபகம் வந்து வயிறு எரிகிறது என்றார். இங்கே உயரத்தில் நின்றால் கடல் தெரிகிறது, ஆனால் எனக்கு ஒன்றும் செய்யவில்லை என்றும் ஒருமுறை சொன்னார். அன்று அம்மா சாமி படத்துக்கு முன்னால் நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

ஐப்பசிக் கடைசியில் ஒருநாள், நல்ல மழை. கல்லூரிக்குப் போகப் புதுச்சேரி பேருந்து நிலையத்தில் இறங்கி வேறு வண்டி மாற வேண்டும். கடலூர் பஸ் நிற்கிற பக்கம் சிமென்ட் பெஞ்சில் ஒருவர் பெட்டியைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெட்டியைச் சுற்றி மஞ்சள் கயிறு. பெட்டிமேல் பட்டை எழுத்தில் பெயர், ஊர், புதுச்சேரி, இந்தியா. நான் முதலில் எழுத்தைத்தான் படித்தேன். பிறகுதான் முகத்தைப் பார்த்தேன்.

கறுத்து, கன்னம் ஒட்டி, தலைமுடி பாதி வெளுத்திருந்தது. எனக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. சொல்லாமல் வந்து நிற்கப் பார்த்திருக்கிறார் என்று நினைத்து ஓடினேன். அவர் என்னைப் பார்த்ததும் எழுந்து, பெட்டியை எடுத்துக்கொண்டு, வேறு பக்கம் நடக்கத் தொடங்கினார். நான் கையைப் பிடித்தேன்.

"எப்பப்பா வந்தீங்க?"

"முந்தாநேத்து."

"வீட்டுக்கு ஏன் வரல?"

அவர் பெஞ்சில் மறுபடி உட்கார்ந்தார். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னார். மைதானம் முடிந்துவிட்டது. விளையாட்டு தொடங்குவதற்கு முன்னால் வெளிநாட்டு விருந்தாளிகள் வரப் போகிறார்கள், அந்த நேரத்தில் அழுக்குத் துணியோடு ஆட்கள் ரோட்டில் நிற்கக் கூடாது என்று மேஸ்திரி சொன்னாராம். ஒருநாள் சாயங்காலம் வேலையிலிருந்து திரும்பியவர்களை, அறைக்குப் போய்ப் பெட்டியைக் கட்டுங்கள் என்று வண்டி வைத்து விமான நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். மிச்சச் சம்பளம் ஊருக்கு வரும் என்றார்கள். அது கடைசிவரை வரவில்லை. சென்னையில் இறங்கியதும் மற்றவர்கள் ஊருக்குப் போகாமல் திருப்பூர், பெங்களூர் என்று வேலை தேடிப் பிரிந்துவிட்டார்கள். இவர் மட்டும் புதுச்சேரி பஸ்ஸில் ஏறிவிட்டார். ஏறிய பிறகு இறங்கி வீட்டுக்கு நடக்கக் கால் வரவில்லை.

"உன் சின்னம்மா படகுப் பங்குல பாதிகூட அடைக்கல பாப்பா. அவ மூஞ்சில எப்படி முழிப்பேன்? வேற ஏஜென்டப் பாத்து வேற நாட்டுக்குப் போயிடறேன். நான் வந்ததே உங்கம்மாவுக்குத் தெரிய வேணாம்."

எத்தனை சொல்லியும் கேட்கவில்லை. நான் வற்புறுத்தினால் இந்த இடத்தை விட்டும் போய்விடுவார் என்று எனக்குப் புரிந்தது. அவர் கண் அப்படி இருந்தது. அதனால் சரி என்றேன்.

ரயில் நிலையத்துப் பக்கம் ஓர் அரிசிக் கிடங்கில் மூட்டை தூக்கப் போனார். பெரிய மார்க்கெட்டில் கூலி அதிகம், ஆனால் அங்கே மீன் விற்கும் பெண்கள் எல்லாம் எங்கள் ஊர்க்காரர்கள். இரவில் மறுபடி பஸ் ஸ்டாண்ட் பெஞ்ச். பெட்டியை சைக்கிள் ஸ்டாண்ட் காரரிடம் கொடுத்து வைத்திருந்தார். தினமும் நான் என் டிபன் பாக்ஸை அவருக்குக் கொடுத்துவிட்டு வகுப்புக்குப் போவேன். பசிக்கிறது, கூடப் போடு என்று அம்மாவிடம் கேட்டேன். பெண் நன்றாகச் சாப்பிடத் தொடங்கிவிட்டாள் என்று அவள் பாய் மனைவியிடம் சொல்லிப் பெருமைப்பட்டாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. கூப்பிடாவிட்டால் அம்மா பயந்துவிடுவாள். பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த எஸ்டிடி பூத்திலிருந்து அப்பா உள்ளூர் எண்ணுக்குப் பேசினார், அரபு நாட்டிலிருந்து பேசுவதுபோல. நான் மாடியில் இருந்தேன். அம்மா கீழே சிரித்துச் சிரித்துப் பேசுவது கேட்டது. மேலே வந்து, இன்றைக்கு அவசரப்படாமல் நெடுநேரம் பேசினார், லைன் பக்கத்து வீட்டிலிருந்து பேசுகிற மாதிரி அவ்வளவு தெளிவாக இருந்தது என்றாள். அடுத்த வெள்ளிக்கிழமையும் அப்படியே. எப்படி இருக்கிறது மைதானம் என்று கேட்பாள். அவர் சொல்வார். எல்லாம் மின்விளக்கு, எல்லாம் பளபளப்பு. மழையில் நனைந்த சட்டையோடு பூத் கண்ணாடிக்குள் நின்று அவர் இதையெல்லாம் சொல்வதை ஒருநாள் நான் வெளியே நின்று பார்த்தேன். கையால் காற்றில் உயரம் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார்.

ஏஜென்டுகள் யாரும் கிடைக்கவில்லை. முதலில் வந்தவர் அலுவலகத்தைப் பூட்டிக்கொண்டு போயிருந்தார். கிடங்கிலும் மழை என்றால் வேலை இல்லை. அப்பா இருமத் தொடங்கினார். ஒருநாள் காலை நான் போனபோது பெஞ்சில் அவர் இல்லை. நிலையம் முழுக்கத் தேடினேன். கழிப்பறைக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து, இந்த பஸ்ஸுக்கெல்லாம் கீழே விழுந்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும் இல்லையா என்று, நேரம் கேட்பதுபோலக் கேட்டார். அன்று நான் கல்லூரிக்குப் போகவில்லை. மாலைவரை அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கடலூர் பஸ் வருவதும் போவதுமாக இருந்தது.

விளையாட்டின் தொடக்க விழாவைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். பாய் வீட்டுக் கூடத்தில் அம்மா நல்ல சேலை கட்டிக்கொண்டு முன்னால் உட்கார்ந்தாள். விளக்குகளும் வாணவேடிக்கையும் வந்தபோது, அந்த மேல் விளிம்பைக் காட்டி, அங்கேதான் அவர் சாரம் கட்டினார் என்று எல்லோருக்கும் சொன்னாள். பாய் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் எழுந்து மாடிக்குப் போய்விட்டேன்.

மறுநாள் மதியம் அப்பா கூப்பிட்டார். விழாவைப் பற்றிச் சொல்லாவிட்டால் சந்தேகம் வரும் என்று நினைத்திருப்பார். அன்று நானும் கீழே இருந்தேன். அம்மா ஒவ்வொன்றாகக் கேட்டாள். உள்ளே விட்டார்களா, ராஜாவைப் பார்த்தீர்களா. அவர் ஏதேதோ சொன்னார் போலிருக்கிறது, அம்மா தலையாட்டிக்கொண்டே இருந்தாள். திடீரென்று தலையாட்டுவது நின்றது. ரிசீவரைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டாள். பிற்பாடு அவள் சொன்னாள், நடத்துநர் ஒருவர் கடலூர், கடலூர் என்று கூவியது கேட்டதாம்.

வெளியே மழை ஊற்றிக்கொண்டிருந்தது. அவள் ஜன்னலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"சாப்டீங்களா?" என்று கேட்டாள். அவர் பதிலுக்குக் காத்திருந்தாள். "சரி. மழையில நனையாதீங்க."

தொலைபேசியை வைத்துவிட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் விடியற்காலையில் எழுந்து சோறு வடித்து, பெரிய தூக்கில் குழம்பு ஊற்றினாள். எனக்கு முன்னால் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றாள்.

அப்பா அதே பெஞ்சில்தான் இருந்தார். நனையாதீங்க என்று கேட்ட நிமிஷமே அவருக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் ஓடவில்லை, அதற்கும் தெம்பு இல்லை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து தூக்கைத் திறந்தாள். அவர் சாப்பிட்டு முடித்தார். கை கழுவத் தண்ணீர் ஊற்றும்போது, பிள்ளைச்சாவடிக்குப் போவோம், அவளிடம் சொல்லிவிடுவோம் என்றாள். அப்பா கையெடுத்துக் கும்பிட்டு, அது மட்டும் வேண்டாம் என்றார்.

"அவகிட்ட சொல்லாம எந்த நாட்டுக்குப் போனாலும், அங்கயும் இதே பெஞ்சுதான்," என்றாள் அம்மா. "எழுந்திரிங்க."

சின்னம்மா கருவாடு உலர்த்தப் போட்டதை மழைக்குப் பயந்து வாரிக்கொண்டிருந்தாள். தெருவில் தூண்கள் ஆள் உயரத்துக்கு எழும்பி, மேலே கம்பி நீட்டிக்கொண்டு அப்படியே நின்றன. அந்த வீடுகளின் ஆண்கள் இன்னும் துபாயில் இருப்பதாகத்தான் பெண்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அப்பா சின்னம்மாவுக்கு முன்னால் மணலில் உட்கார்ந்தார். சொன்னார். இந்தமுறை ஓலையைப் பற்றிப் பேசவில்லை.

அவள் கூடையைக் கீழே வைக்காமலே கேட்டாள். பிறகு, டிவியில் பார்த்தேன், பெரியப்பா கட்டியது என்று பிள்ளைகளுக்குக் காட்டினேன் என்றாள். அதை அவள் குத்தலாகச் சொல்லவில்லை. அதனால்தான் அப்பா தாங்க முடியாமல் முகத்தை மூடிக்கொண்டார்.

"நீங்க அழுவுறத நான் பாக்க வேணாம் மாமா," என்றாள். "அவரு போனப்பவே நான் எல்லாத்தையும் அழுதுட்டேன். எனக்குப் படகு வேணும். எப்படின்னு எனக்குத் தெரியாது. ரெண்டு பொண்ண வச்சுக்கிட்டு நான் வேற இன்னா கேப்பேன்?"

அன்று சாயங்காலமே அப்பா பக்கத்துக் குப்பத்துக்கு நடந்துபோனார். எங்கள் படகை வாங்கியவருக்கு ஆள் தேவையாக இருந்தது. தான் கூலிக்கு வருவதாகவும், தன் பங்கில் பாதியைக் கரையிலேயே சின்னம்மா கையில் கொடுத்துவிட வேண்டும் என்றும் பேசி முடித்தார். உழவர்கரை அறையைக் காலி செய்தோம். பாய் மனைவி படி இறங்கும்வரை கூட வந்து, எப்போது வேண்டுமானாலும் வா என்று அம்மாவிடம் சொன்னாள். நான் கல்லூரியை விட்டுவிட்டு டவுனில் ஒரு மருந்துக் கடையில் சேர்ந்தேன். படிப்பைப் பல வருஷம் கழித்துத் தபால் வழியில்தான் முடித்தேன். தெருவில் மற்ற ஆண்களும் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். இரண்டு பேர் வரவே இல்லை. எங்கே போனார்கள் என்று இன்றுவரை தெரியாது.

அப்பா முதல்நாள் கடலுக்குப் போனது இருட்டு பிரியாத நேரம். போகும்போது ஒன்றும் ஆகவில்லை. திரும்பி வருவதுதானே அவருக்குச் சிரமம். வெயில் ஏறியபோது அம்மாவும் நானும் கரைக்குப் போனோம். சின்னம்மாவும் பிள்ளைகளோடு வந்து தள்ளி நின்றாள். அலை உடையும் இடத்தைத் தாண்டி வந்து படகு நின்றது. மற்றவர்கள் குதித்து இழுக்கத் தொடங்கினார்கள். அப்பா மட்டும் துண்டால் தலையையும் முகத்தையும் மூடிக்கொண்டு, முழங்காலுக்குள் குனிந்து, உட்கார்ந்த இடத்தை விட்டு எழவில்லை. படகை வாங்கியவர் திட்டினார். யாரோ சிரித்தார்கள்.

அம்மா சேலையை வரிந்து கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். இடுப்பளவு ஆழம்வரை போய், படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவரிடம் ஏதோ சொன்னாள். அலைச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. வெகுநேரம் கழித்து அவர் இறங்கினார், துண்டை எடுக்காமலே. அவள் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். கரை ஏறியதும் வாந்தி எடுத்தார். வலையிலிருந்து மீனைப் பிரித்து, சின்னம்மாவின் பங்கைத் தனியாக ஒரு கூடையில் போட்டார். நிமிர்ந்து அவளைப் பார்க்கவில்லை, கூடையை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். அவள் எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாளும் போனார். அதற்கு அடுத்த நாளும். உடம்பு விட்டுப்போகும்வரை, சில வருஷங்கள், அப்படியே போய்வந்தார். கரை நெருங்கும்போது துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொள்வதை அவர் நிறுத்தவே இல்லை. ஊரில் சிரிப்பவர்கள் சிரித்து ஓய்ந்தார்கள். படகு எங்களுக்குத் திரும்பி வரவில்லை. சின்னம்மாவின் மூத்த பெண் பத்தாவது முடித்ததும் தையல் வேலைக்குப் போய்விட்டாள்.